முப்பது நொடி

விடியுமுன் அஸ்தம்பட்டியில் கூடினோம்,
நால்வருக்கு இரண்டு பைக்.
நசீமா புது லென்ஸைத் துப்பட்டாவில் சுற்றியிருந்தாள்.
துவாரகநாத் முதுகில் கடன் வாங்கிய முக்காலி.
பாடைக்கழி மாதிரி இருக்குடா என்றான் எழில்வேந்தன்.
யாரும் சிரிக்கவில்லை. குளிர்.

பாதி மலையில், ஏதோ ஒரு கொண்டை ஊசியில் நின்று பார்த்தால்
கீழே சேலம் இன்னும் விளக்கணைக்காமல் கிடந்தது.
அதற்குள் எங்கோ என் எக்ஸ்ரே அறை.
வாரம் ஆறு நாளும் நான் பேசுவது ஒரே வசனம்:
மூச்ச நல்லா இழுங்க.
பிடிங்க.
விடுங்க.
தறி ஓட்டுகிறவர், ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்,
கொலுசுப் பட்டறையில் ஊதி ஊதி நெஞ்சு கெட்டவர்
எல்லோரும் எனக்காக
அரை நொடி செத்துக் காட்டுவார்கள்.

கிளியூர் இறக்கத்தில் காப்பிச் செடிகள்
ராத்திரி மழையை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.
நசீமாவின் சாக்ஸில் ஒரு அட்டை.
உப்பு யாரிடமும் இல்லை;
காரப்பொரியைத் தேய்த்தான் துவாரகநாத். விழுந்தது.
படிகளை நான் எண்ணிக்கொண்டே வந்தேன்,
வழுக்கிய இடத்தில் கணக்கு விட்டுப்போயிற்று.

தண்ணீருக்கு முன்னால் சத்தம் வந்தது,
தறிக்கூடத் தெருவுக்குள் நுழைவது போல.
பேச்சை நிறுத்திக் கையால் பேசத் தொடங்கினோம்.
பிறகு, மரங்கள் விலகிய இடத்தில்,
அருவி.
வெள்ளையாக இல்லை.
மழை கரைத்த மண்ணோடு டீ நிறத்தில் விழுந்தது.
அப்புறம் வெளுத்துக்கலாம் என்று என் காதில் கத்தினான் எழில்.
ஒரு சிப்ஸ் கவரைக் கால்விரலால்
சட்டகத்துக்கு வெளியே தள்ளினேன்.
காடு சுத்தமாயிற்று.

லென்ஸின் முன் கறுப்புக் கண்ணாடி பூட்டி
முப்பது நொடி வைத்தேன்.
ஷட்டர் திறந்ததும் பழக்கதோஷம்,
மூச்சைப் பிடித்துக்கொண்டேன் நான்.

நாலாவது நொடியில் அக்கரைப் புதரிலிருந்து ஒருவர் இறங்கினார்.
மஞ்சள் கேன். முழங்காலுக்கு மேல் மடித்த கைலி.
பாறையிடுக்கில் தெளிந்து ஒழுகும் ஒரு சின்ன தாரைக்கு
கேனின் வாயைக் கொடுத்துவிட்டு
என் படத்துக்குள் நடந்தார்.
முகம் கழுவினார். காறித் துப்பினார்.
எங்களைப் பார்த்து எந்த ஊரு என்பது போல் கையை ஆட்டினார்.
ஓரமா போங்க என்று சொல்லியிருப்பேன்,
மூச்சுப் பிடித்திருந்தது.

திரையில் பார்த்தோம்.
அருவி ஆடை கட்டிய பாலாக நின்றது.
பாறைகள், பாசி, வேர் எல்லாம் அப்படியே.
மூலையில் மஞ்சள் கேன்,
அதற்குப் பின்னால் இருந்த பாறை
அதன் வழியே கொஞ்சம் தெரிய.
ஆள் இல்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன், நிழல்கூட இல்லை.
எக்ஸ்ரேயில் சதை போய் எலும்பு மிஞ்சும்.
இங்கே மனிதர் போய் கேன் மிஞ்சியது.

சூப்பர், கேனை மட்டும் அழிச்சிரு,
ரெண்டு நிமிஷ வேலை என்றான் எழில்.
நசீமா என்னைப் பார்த்தாள்.
நான் பேட்டரியைக் கழற்றித் துடைத்தேன்,
துடைக்க ஒன்றுமில்லை.

ஏறும்போது அவர் எங்களுக்கு முன்னால்,
தோளில் நிறைந்த கேன்.
மேலேயிருந்து யாரோ வெள்ளையா என்று கூப்பிட்டார்கள்.
வரேன் என்றார். பெயர் தெரிந்தது அப்படித்தான்.

அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?
"கேன எறக்கணுமா? அதெல்லாம் முடியாது."
வேண்டாம், அப்படியே, அரை நொடி.

நின்றார்.
மரத்தடி இருட்டு. முக்காலி மடக்கியாயிற்று.
மூச்சு வாங்கியபடி நெஞ்சு ஏறி இறங்க,
கேன் ஏறி இறங்க.
பிடிங்க என்று நான் சொல்லவில்லை.

படம் ஆடிவிட்டது.
வைத்திருக்கிறேன்.